இரவற் படைக்கலம்

உடையார்கட்டுக் குளத்தின் கீழ் நெல் விளைவிக்கும் உழவரிடையே மண்வெட்டியை இரவல் கொடுத்தல் இயல்பு. பன்றி விரட்டும் துப்பாக்கியையும் அவ்வாறு கொடுக்கலாமோவெனின், பெறுவோனிடம் அனுமதிப்பத்திரம் இல்லையேல் ஆகாது. இலங்கையின் 1916 ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் உரிமையாளனை மட்டுமன்றி, கையில் வைத்திருப்போனையும் பயன்படுத்துவோனையும் பிணிக்கும்.

ஈழத்தமிழர் பலர் குடிபுகுந்த கனடாவிலோ, கைத்துப்பாக்கிகளுட் பல கட்டுப்படுத்தப்பட்ட வகையின. ஆயினும் 1995 ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை இரவல் கொடுக்க வழிவகுத்துள்ளது. பெறுவோன் அவ்வகைக்குரிய அனுமதிப்பத்திரம் உடையவன் என நம்பத் தக்க காரணம் வேண்டும். துப்பாக்கியுடன் பதிவுச் சான்றிதழும் கைமாறல் வேண்டும். கொடுப்போன் நேரிற் கண்காணிப்பின் இவை வேண்டப்படா. கொண்டுசெல்வதற்குத் தனி அனுமதி உண்டு. 2022 ஒக்டோபர் 21 முதல் தனியாரிடையே கைத்துப்பாக்கி விற்றலும் ஈதலும், சில விலக்குகள் நீங்கலாக, நிறுத்தப்பட்டன. இரவலோ உரிமையை மாற்றுவதன்று. ஆதலின் அது வேறு.

இவ்விதிகள் நட்பை ஐயுறுவன அல்ல. படைக்கலம் எப்போதும் யார் கையில் உள்ளதென அறியப்படல் வேண்டும் என்பதே அவற்றின் கருத்து. 2009 வரை போர் கண்ட வன்னி நிலத்தார்க்கு அதன் பொருளை விரித்துரைத்தல் மிகை.