தம்ஸ்-அப் அனுப்பினா சம்மதமா? சூழல்தான் முடிவு செய்யும்!

ஆபீஸ் குரூப்பில் மேனேஜர் ஒரு ஃபைல் போடுகிறார். நீங்கள் தம்ஸ்-அப் தட்டுகிறீர்கள். அது ‘பார்த்துட்டேன்’னு அர்த்தமா, ‘எனக்கு சம்மதம்’னு அர்த்தமா?

கனடாவில் இதே கேள்வி கோர்ட் வரை போனது. 2021-ல் ஒரு கொள்முதல் நிறுவனம் ஆளி விதை ஒப்பந்தத்தை போட்டோ எடுத்து அனுப்பி, உறுதி செய்யச் சொன்னது. விவசாயி தம்ஸ்-அப் அனுப்பினார். ஆனால் சரக்கு வரவில்லை, விலையும் ஏறிவிட்டது. மெசேஜ் கிடைத்ததை மட்டுமே சொன்னதாக அவர் வாதிட்டார். முன்பெல்லாம் ‘ஓகே’ என்று சுருக்கமாகப் பதில் போட்டுவிட்டு அவர் சரக்கு அனுப்பியிருந்ததை நீதிபதி கவனித்தார். 2023-ல் வந்த தீர்ப்பு: தம்ஸ்-அப்பும் சம்மதமே, 82,000 கனடா டாலருக்கு மேல் இழப்பீடு.

குறியீடுகளை நாம் எப்படிக் கற்கிறோம்? 1971-ல் அமெரிக்க உளவியலாளர் மர்ரே சிட்மன், வாசிக்கத் தெரியாத 17 வயது இளைஞருக்கு, காதில் கேட்கும் 20 சொற்களை அச்சுச் சொற்களோடு பொருத்தப் பழக்கினார். சொல்லைக் கேட்டுப் படத்தைக் காட்ட அவருக்கு முன்பே தெரியும். அச்சுச் சொல்லைப் படத்தோடு பொருத்த யாரும் சொல்லித்தரவில்லை, அவரே பொருத்தினார்.

இந்த இணைப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் நிற்காது. சூழல் மாறினால், அதே குறியீடு வேறு பொருளோடு சேரும் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. நண்பரின் போட்டோவுக்குக் கீழே தம்ஸ்-அப் ‘சூப்பர்’. ஒப்பந்தத்துக்குக் கீழே அது கையெழுத்தாகிவிடலாம்.

பணமும் தேதியும் உள்ள மெசேஜ் வந்தால், ‘பார்த்தேன், யோசிச்சு சொல்றேன்’ என்று டைப் செய்துவிடுங்கள்.