குதிரையின் அங்க அமைப்பை மதிப்பிடும் முறை

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் சந்தையில் மாடுகளோடு குதிரைகளும் விலைக்கு வருகின்றன. வாங்குவோரிற் பலர் நிறத்தையும் சுழியையும் கண்டே விலை பேசுகின்றனர். சுழி பாரத்தைத் தாங்குவதில்லை, கால்களே தாங்குகின்றன. ஆகவே, கண்காட்சிகளில் சேணமின்றித் தலைக்கயிறு பிடித்து நிறுத்திய குதிரையை நடுவர்கள் மதிப்பிடும் முறையை விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

முதலாவதாக, குதிரையைச் சமதரையில் நிறுத்திப் பக்கவாட்டில் சற்று விலகி நின்று நோக்குக. கழுத்தும் நடுவுடலும் பின்புறமும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருத்தல் வேண்டும். தோள் சரிந்தும், மார்பு ஆழ்ந்தும், முதுகு மிக நீளாமல் உறுதியாயும் இருப்பது நன்று.

இரண்டாவதாக, முன்கால்களைக் கவனிக்க. உடற்பாரத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்கு இவற்றின்மீதே விழுகிறது. எதிரில் நின்று, தோள் முனையிலிருந்து தூக்குநூல் விட்டதாகப் பாவித்தால், அந்நூல் முழங்கால், கணு, குளம்பு ஆகியவற்றின் நடுவே செல்ல வேண்டும். பக்கத்திலிருந்து பார்க்கையில் முழங்கால் பின்னோக்கி வளைந்திருப்பது பெருங்குறையாகும். கணுவுக்கும் குளம்புக்கும் இடைப்பட்ட பாகம் மிக நிமிர்ந்திருந்தால், ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் மூட்டுகளைத் தாக்கும். மிக நீண்டு சாய்ந்திருந்தால், தசைநார்கள் நோகும்.

மூன்றாவதாக, பின்கால்களைப் பின்னிருந்து நோக்குக. அவற்றின் நடு மூட்டுகள் இரண்டும் உட்புறமாக நெருங்கியிருத்தல் கூடாது.

நான்காவதாக, குதிரையை நேராக நடத்தியும் ஓட்டியும் காண்க. குளம்பு முனை வெளிப்புறம் திரும்பிய குதிரை, காலை உட்புறம் வீசி எதிர்க்காலைத் தானே இடித்துக்கொள்ளும். வாயைத் திறந்து, மேற்பல் வரிசை கீழ்வரிசைக்கு முன்னே நீண்டிருக்கின்றதா என்பதையும் பார்த்தல் அவசியம்.

இவையெல்லாம் கண்ணுக்குப் புலப்படும் குறைகள். புலப்படாத குறையும் உண்டென்பதற்கு அமெரிக்க தேசத்தின் அனுபவமே சான்று. 1969-ல் பிறந்த ‘இம்பிரெஸ்ஸிவ்’ என்னும் குவார்ட்டர் இன ஆண்குதிரை, திரண்ட தசையழகினால் 1974-ல் இவ்வகைப் போட்டியில் உலக வெற்றிப் பட்டம் பெற்றது. அதன் வமிசம் பல்லாயிரமாகப் பெருகிற்று. பின்னர் அவ்வமிசத்துக் குதிரைகள் பல, திடீரென உடல் நடுங்கித் தளர்ந்து விழுந்தன, சில மாண்டன. இரத்தத்தில் பொட்டாசியம் மிகும்போது தசைகள் செயலிழக்கும் பரம்பரை நோய் இது. இதற்குக் காரணமான மரபணுக் குறை 1992-ல் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே இந்நோய் குட்டியைப் பற்றும். நோயுற்ற குதிரைகள் பெரும்பாலும் தசை மிகுந்து காணப்பட்டமையால், நடுவர்கள் அவற்றுக்கே பரிசளித்தனர். வளர்ப்போரும் அவற்றையே இனவிருத்திக்கு விட்டனர். அக்குறையை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற குட்டிகளை, 2007 முதல் பிறந்தவற்றில், அந்நாட்டுக் குவார்ட்டர் குதிரைச் சங்கம் பதிவு செய்வதில்லை.

ஆகையால், இனவிருத்திக்கென ஆண்குதிரையைத் தெரிந்தெடுப்போர் அதன் அங்க அமைப்போடு நின்றுவிடாமல், அதன் தாய் தந்தையரையும் முன் பிறந்த குட்டிகளையும் விசாரித்து, கால்நடை மருத்துவரின் பரிசோதனையையும் பெறுவாராக. ஒரு குதிரையின் நொண்டலால் வரும் நஷ்டம் அக்குதிரையோடு முடியும். இனவிருத்தியில் நேரும் பிழையோ தலைமுறைதோறும் தொடரும்.