கார்க் கடனும் கடன் தகுதி மதிப்பெண்ணும்

கடன் கொடுப்போர் கடன் கேட்போரின் நாணயத்தை ஆராய்ந்தறிவது புதிய வழக்கமன்று. திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டைக்கு அருகிலுள்ள ஸ்ரீவராகம் போன்ற பழைய குடியிருப்புகளில், ஒருவரின் குடும்பமும் தொழிலும் கொடுக்கல் வாங்கலும் அக்கம்பக்கத்தார் அறிந்தவையாக இருந்தன. அந்த அறிமுகமே அவருக்குச் சான்றாயிற்று. இன்று அதே பகுதியிலிருந்து ஒருவர் கார் வாங்கக் கடன் கோரினால், அவரை ஒருமுறையேனும் கண்டிராத வங்கி அலுவலர் முதலில் நோக்குவது மூன்று இலக்க எண் ஒன்றையே. அதுவே கடன் தகுதி மதிப்பெண்.

அமைப்பின் தோற்றம்

கடன் பெற்றோரின் விவரங்களைத் திரட்டும் முதல் நிறுவனமாக, பரவலாக ‘சிபில்’ என வழங்கப்படும் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இத்துறையை நெறிப்படுத்தும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கும் ரிசர்வ் வங்கியின் பதிவு பெற்ற கடன் தகவல் நிறுவனங்களாகும். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அளிக்கும் விவரங்களைக் கொண்டு இவை அறிக்கையும், 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணும் தயாரிக்கின்றன. எண் உயர உயரக் கடன் தகுதியும் உயர்ந்ததாகக் கொள்ளப்படும்.

தவணைகளை உரிய நாளில் செலுத்தியமை, கடன் அட்டையின் வரம்பில் பயன்படுத்திய பங்கு, கடன் வரலாற்றின் காலம், குறுகிய காலத்தில் பல இடங்களில் கடன் கோரியமை ஆகியவை மதிப்பெண்ணை நிர்ணயிக்கின்றன. ஒருவர் தம் அறிக்கையைத் தாமே பார்ப்பதால் மதிப்பெண் குறைவதில்லை.

வட்டியில் நேரும் வேறுபாடு

பல வங்கிகள் கார்க் கடனுக்கான வட்டியை மதிப்பெண்ணுக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் விதிக்கின்றன. எடுத்துக்காட்டாக, 6 லட்சம் ரூபாயை ஐந்தாண்டுத் தவணையில் பெறுவதாகக் கொள்வோம். வட்டி 9 சதவீதமாயின் மாதத் தவணை சுமார் 12,455 ரூபாய். 11 சதவீதமாயின் சுமார் 13,045 ரூபாய். மாதத்துக்கு 590 ரூபாய் என்பது சிறிதாகத் தோன்றினும், 60 தவணைகளில் அது 35,000 ரூபாயைத் தாண்டுகிறது.

ஜாமீன் நின்றோர் நிலை

அரசு ஊழியர் நிறைந்த தலைநகரில் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது ஜாமீன். உடன் பணிபுரிபவர் வாங்கிய வங்கிக் கடனுக்கு ஒருவர் கையொப்பமிட்டிருந்தால், அக்கடன் அவருடைய அறிக்கையிலும் இடம்பெறும். கடனாளி தவணை தவறினால் ஜாமீன்தாரின் மதிப்பெண்ணும் பாதிக்கப்படலாம். தம் கடனை ஒழுங்காகச் செலுத்திய ஒருவர், தாம் செய்யாத பிழைக்காகக் கூடுதல் வட்டி செலுத்தவோ கடன் மறுக்கப்படவோ நேரலாம். அவ்வாறே, பழைய கடனை வங்கியுடன் பேசிக் குறைந்த தொகைக்குத் தீர்த்துக்கொண்டால், அது முழுமையாக அடைக்கப்பட்ட கடனாகப் பதிவாவதில்லை.

குடிமக்களின் உரிமைகள்

2017 முதல், ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை மதிப்பெண்ணுடன் இலவசமாக அளித்தல் வேண்டும். அதில் பிழை காணப்பட்டால் முறையிடலாம். முறையீடு 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிடில், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு வழங்கப்பட வேண்டுமென 2023இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 1 முதல் கடன் தகவல் நிறுவனங்கள் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன.

முன்பு கடனே பெறாதோருக்கு மதிப்பெண் இராது. முதன்முறையாக விண்ணப்பிப்போரைக் கடன் வரலாறு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் மறுக்கலாகாது என ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் மாணவரின் கல்விக் கடன் விண்ணப்பத்தைத் தள்ளலாகாது எனக் கேரள உயர்நீதிமன்றம் 2023இல் கருத்துத் தெரிவித்தது. ஆனால் கார்க் கடன் அத்தகையதன்று. அதில் வங்கியின் முடிவுக்கே இடம் மிகுதி.

செய்ய வேண்டுவது

பிழை திருத்தத்துக்கு ஒரு மாதம் வரை ஆகலாம். ஆகவே, காரைத் தேர்ந்து முன்பணம் கட்டிய பின்னர் அறிக்கையைப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே நான்கு அறிக்கைகளையும் பெற்று, தமக்குரியவையல்லாத கடன்கள், அடைத்து முடித்தும் நிலுவையாகக் காட்டப்படுபவை, ஜாமீன் நின்ற கடன்கள் ஆகியவற்றைச் சரிபார்த்தல் வேண்டும். நிலுவை இருப்பின் செலுத்தி, அதற்கான சான்றையும் பெற்றுக்கொள்ளுதல் நலம். அக்கம்பக்கத்தாரின் நல்லெண்ணம் சான்றாயிருந்த காலத்தில், அவர்கள் தம்மைப் பற்றி என்ன கூறினர் என்பதைக் கடன் கேட்டவர் அறிய இயலவில்லை. இன்று எழுத்தில் உள்ள அச்சான்றைப் படிக்கவும் திருத்தவும் சட்டம் வழி செய்துள்ளது. அவ்வுரிமையை உரிய காலத்தில் பயன்படுத்துவது கடன் பெற விழைவோரின் பொறுப்பாகும்.