லேப்டாப்பை ரீசெட் செய்யும் முன் தட்ட வேண்டிய இரண்டு கட்டளைகள்

பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன் புது லேப்டாப் வாங்கிவிட்டார். பழையதை ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அப்பாவிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிட்டார். அப்பாவுக்கு இதுதான் முதல் கம்ப்யூட்டர். ஆன் செய்தால் மகனின் பைல்களும் தேவையில்லாத புரோகிராம்களும் நிறைந்து, எல்லாமே மெதுவாக நகர்கிறது. "ரீசெட் பண்ணிடுங்க மாமா, ஒரே ஒரு கட்டளைதான்" என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன்.

அவன் சொல்வது சரிதான். ஆனால் அந்தக் கட்டளைக்கு முன்னால் வேறு இரண்டு கட்டளைகள் உண்டு. அவை எதையும் அழிக்காது, மாற்றாது. நிலைமையை மட்டும் காட்டும். அவற்றைப் பார்க்காமல் ரீசெட் செய்தால் கம்ப்யூட்டர் பாதியில் நின்றுபோகலாம்.

ரீசெட் என்றால் என்ன?

விண்டோஸை அது முதலில் இருந்த சுத்தமான நிலைக்குக் கொண்டு வருவதே ரீசெட். 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல் இந்த வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. ஒன்றை நினைவில் வையுங்கள். விண்டோஸ் 10 உள்ள கம்ப்யூட்டரை ரீசெட் செய்தால் மீண்டும் விண்டோஸ் 10 தான் கிடைக்கும். 11 ஆக மாறாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது.

கட்டளை தரும் இடம்

ஸ்டார்ட் மெனுவைத் திறந்து சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்யுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் என்று வரும். அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புத் திரை கிடைக்கும். இங்கே சொல்லும் கட்டளைகளை ஆங்கில எழுத்தில் டைப் செய்து என்டர் தட்ட வேண்டும்.

முதல் கட்டளை: ரீஏஜென்ட்சி /இன்ஃபோ

ஆர், ஈ, ஏ, ஜி, ஈ, என், டி, சி ஆகிய எட்டு எழுத்துகளைச் சேர்த்து அடியுங்கள். ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, இன்ஃபோ என்பதன் நான்கு எழுத்துகளை அடியுங்கள். ரீசெட்டுக்குத் தேவையான மீட்புப் பகுதி தயாராக இருக்கிறதா என்று இது காட்டும். 'எனேபிள்ட்' என்று வந்தால் நல்லது. 'டிஸேபிள்ட்' என்றால் இன்ஃபோ இருந்த இடத்தில் எனேபிள் என்று மாற்றி, அதே கட்டளையை மீண்டும் தாருங்கள்.

இரண்டாம் கட்டளை: மேனேஜ்-பிடிஈ -ஸ்டேட்டஸ் சி:

மேனேஜ், ஹைபன், பி, டி, ஈ வரை சேர்த்து அடியுங்கள். இடைவெளி விட்டு ஹைபனுடன் ஸ்டேட்டஸ். மீண்டும் இடைவெளி விட்டு சி, கோலன். ஹார்ட் டிஸ்க் பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கிறதா என்று தெரியும். 'புரொடெக்‌ஷன் ஆன்' என்று வந்தால் கவனம் தேவை. ரீசெட்டின் நடுவில் ஏதாவது சிக்கல் வந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை கம்ப்யூட்டர் கேட்கலாம். அந்த எண் பெரும்பாலும் முதலில் பயன்படுத்தியவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். நம் உதாரணத்தில் அது மகனிடம்தான் இருக்கிறது! முதலில் அவருக்கு போன் செய்து எண்ணைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பைல்களைக் காப்பாற்றுங்கள்

தேவையான போட்டோக்கள், ஆவணங்களை பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ காப்பி செய்யுங்கள். வேறு கம்ப்யூட்டரில் நாலைந்து பைல்களைத் திறந்து பார்த்த பிறகே அடுத்த அடி. பழைய தமிழ் பான்ட்டில் டைப் செய்த பைல்கள் இருந்தால் அந்த பான்ட்டையும் காப்பி செய்யுங்கள். பான்ட் இல்லாவிட்டால் அவை புரியாத எழுத்துகளாகத்தான் தெரியும்.

இப்போது ரீசெட்

சார்ஜரைச் செருகிக்கொள்ளுங்கள். பழைய பேட்டரி மின்தடையைத் தாங்காது. மின்சாரம் தடைபடாத நேரமாகப் பாருங்கள். சிஸ்டம், ரீசெட் இரண்டையும் ஒட்டி அடித்து, இடைவெளி விட்டு, ஹைபன் போட்டு, ஃபேக்டரி, ரீசெட் இரண்டையும் ஒட்டி அடியுங்கள். என்டர் தட்டினால் ஒரு விண்டோ திறக்கும்.

'கீப் மை பைல்ஸ்' என்பதில் உங்கள் பைல்கள் இருக்கும். நீங்கள் பதிந்த புரோகிராம்கள் போய்விடும். 'ரிமூவ் எவ்ரிதிங்' எல்லாவற்றையும் அழிக்கும். கம்ப்யூட்டரை வெளியாருக்கு விற்பதானால் இதைத் தேர்ந்தெடுத்து, 'சேஞ்ச் செட்டிங்ஸ்' சென்று 'கிளீன் டேட்டா' வசதியையும் ஆன் செய்யுங்கள். பல மணி நேரம் ஆகலாம். ஆனால் அழித்த பைல்களைப் பிறர் மீட்பது கடினமாகிவிடும். எல்லா டிரைவ்களையுமா என்று கேட்டால் நிதானித்துப் பதில் தாருங்கள். டி டிரைவில் குடும்பப் படங்கள் இருக்கலாம். 'கிளவுட் டவுன்லோட்' 4 ஜிபிக்கு மேல் இணைய டேட்டா எடுக்கும். மொபைல் டேட்டாவில் இருப்பவர்கள் 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' தேர்ந்தெடுக்கலாம்.

அரசு லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

2011 செப்டம்பர் 15ல், ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று முதல்வரான ஜெயலலிதா தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப்கள் கிடைத்தன. அவற்றில் சில இன்னும் வீட்டு அலமாரிகளில் இருக்கும். விண்டோஸ் 7 இருந்தால் மேலே சொன்ன ரீசெட் கட்டளை அதில் வேலை செய்யாது. ஆன் செய்ததும் விண்டோஸா, லினக்ஸா என்று மெனு கேட்டால், தயாரிப்பாளரின் மீட்பு முறையில் லினக்ஸும் சேர்ந்து அழிய வாய்ப்புண்டு. பைல்களை முழுவதும் எடுத்த பிறகே கை வையுங்கள்.

ரீசெட் முடிந்ததும் அசல் விண்டோஸாக இருந்தால் பொதுவாக உரிம எண் கேட்காது. உங்கள் விவரங்களைத் தந்து தொடங்கலாம். ரீசெட் கட்டளை ஒரு நிமிட வேலை. அதற்கு முன் செலவிடும் அரை மணி நேரம்தான் உங்கள் படங்களையும் கம்ப்யூட்டரையும் காப்பாற்றும்.