உங்களுக்குத் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்!

எவரெஸ்ட் சிகரத்துக்கும் நம்ம நெய்யூருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது! 1924 ஜூன் 4. ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் இரண்டு பேர் எவரெஸ்டில் ஏறுகிறார்கள். ஒருவர் நார்ட்டன். இன்னொருவர் சாமர்வெல், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் சர்ஜன்! சாமர்வெல்லுக்குத் தொண்டை அடைத்தது. நின்றுவிட்டார். நார்ட்டன் மட்டும் மேலே போனார். எட்டிய உயரம் 28,126 அடி! ஆனால் பாறைப் பகுதியில் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். இறங்கி வந்ததும் பார்வை போயிற்று. அந்த உயரத்து வெயில் கண்ணைச் சுட்டுவிட்டது. எத்தனை நேரம் பார்வை இல்லாமல் கிடந்தார் தெரியுமா? 60 மணி நேரம்!

நார்ட்டனின் கண்ணைச் சுட்ட அதே புற ஊதாக் கதிர்தான் குளச்சல் கடலிலும் அடிக்கிறது! கடலில் வெயில் மேலிருந்தும் வரும், தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் வரும். வருஷக்கணக்கில் வெயிலில் வேலை பார்ப்பவர்களுக்கு மூக்கோரத்திலிருந்து கருவிழி மேல் ஒரு சதை ஏறும். மெதுவாக, வலியில்லாமல்! தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் சினிமா ஹீரோவுக்கு மட்டும் என்று யார் சொன்னது?

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு என்ன? சூரியனை முறைத்துப் பார்ப்பது! உதயம், அஸ்தமனம் இரண்டையும் ஒரே ஊரில் பார்க்கலாம் என்பது நமக்குப் பெருமைதான். கண்ணுக்கு அல்ல!

2010 ஜனவரி 15. மாட்டுப் பொங்கல் நாள். குமரி முனைக்கு மேலே கங்கண சூரிய கிரகணம்! இந்தியப் பெருங்கடலில் அந்த நெருப்பு வளையம் நின்ற உச்ச நேரம் 11 நிமிடம் 8 விநாடி. இதைவிட நீளமான கங்கண கிரகணம் இனி எப்போது? 3043-ல்!

வெறும் கண்ணால் கிரகணம் பார்த்தால் விழித்திரை வெந்துபோகும். வலிக்குமா? துளியும் வலிக்காது! விழித்திரையில் வலி அறியும் நரம்பே கிடையாது!

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பல் கெட்டால் ராத்திரி முழுக்கத் தூங்க விடாது. காது கெட்டால் குத்தும். கண்ணின் உள்ளே கெட்டால்? சத்தமே வராது! அதனால்தான் குறை ஒன்றும் இல்லாதபோதே கண்ணைக் காட்ட வேண்டும் என்கிறார்கள். அதுவும் வீட்டில் ஒருவர் இருவர் அல்ல, எல்லாரும்!

எந்த வயதில் ஆரம்பிக்க வேண்டும் தெரியுமா? சில பிள்ளைகளுக்கு, பிறந்து 30 நாளுக்குள்! 34 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தை, அல்லது 2 கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தை என்றால் விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். பெயர் சூட்டு விழா பிறகு இருக்கட்டும்!

உங்கள் செல்போனிலேயே ஒரு பரிசோதனை ஒளிந்திருக்கிறது! ஃபிளாஷ் போட்டுக் குழந்தையைப் படம் எடுக்கிறீர்கள். கண் பாப்பா இரண்டும் சிவப்பாகத் தெரிவதுதான் வழக்கம். ஒன்று மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால்? அன்றைக்கே கிளம்புங்கள்! அது விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம். சீக்கிரம் பிடித்து நல்ல சிகிச்சை கொடுத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு 95 சதவீதத்துக்கும் மேல்!

மாறுகண் அதிர்ஷ்டம் என்று பாட்டிமார் சொல்வார்கள். அதிர்ஷ்டமும் இல்லை, ஒன்றும் இல்லை! நேராகப் பார்க்காத கண்ணை மூளை ஒதுக்கிவிடும். அந்தக் கண் சோம்பேறிக் கண் ஆகிவிடும். 7, 8 வயதுக்குள் கவனித்தால் பெரும்பாலும் திருப்பிவிடலாம். சிகிச்சை என்ன தெரியுமா? நல்ல கண்ணை மூடிக் கட்டுவது! சோம்பேறியை வேலை வாங்கத்தான்!

ஒரு கண்ணில் பார்வை குறைந்த பிள்ளை அதை வீட்டில் சொல்லாது. ஏன்? அதற்கே தெரியாது! இன்னொரு கண் இரண்டு பேர் வேலையையும் பார்த்துவிடும். இரண்டு கண்ணிலும் குறைந்து டிவிக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? "தள்ளி இருலேய்!" என்று அதட்டுகிறோம். அதட்டினால் பவர் குறையாது!

தமிழ்நாட்டில் 2009-ல் கண்ணொளி காப்போம் திட்டம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே கண் பரிசோதனை. கண்ணாடி இலவசம்! கொடுத்த கண்ணாடி பெட்டியில் தூங்குகிறதா, மூக்கில் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் உங்கள் வேலை.

2050-ல் உலகில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என்று 2016-ல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. பாதிப் பேர்! தினமும் 2 மணி நேரம் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு குறைவு. மைதானத்துக்கு டிக்கெட் இல்லை!

வைட்டமின் ஏ சொட்டு மருந்து எத்தனை முறை? 9 மாதத்தில் தொடங்கி 5 வயதுக்குள் 9 முறை! இரண்டு முறை கொடுத்துவிட்டு மறந்துபோகும் வீடுகள் ஏராளம்.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் காட் மீன் எண்ணெய் வரத்து நின்றுபோனது. வைட்டமின் ஏ-க்கு எங்கே போவது? திருவிதாங்கூர் சுறா ஈரலை உருக்கியது! குமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில்தான். சுறா பிடிப்பதில் நம்ம தூத்தூர்க்காரர்களை அடிக்க ஆள் உண்டா?

பஸ் போர்டு கணக்கு ஒன்று சொல்கிறேன். 6 மீட்டர் தள்ளி நின்று 8.7 மில்லிமீட்டர் எழுத்தைப் படித்தால் உங்கள் கண் சரி. அதையே 100 மீட்டருக்குப் பெருக்குங்கள். 14.5 சென்டிமீட்டர் எழுத்து! வடசேரி பஸ் நிலையத்தில் "எந்த ஊர் பஸ்ஸு மக்ளே?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிற அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். கண்தான் தெரியவில்லை!

6 மீட்டர் தள்ளி நின்று படிக்கும் அந்தக் கண் பரிசோதனை எழுத்துப் பலகையைக் கண்டுபிடித்தவர் ஸ்நெல்லன். வருஷம் 1862. 160 வருஷம் தாண்டியும் அதுவே ராஜா!

டிரைவிங் லைசென்ஸ் விண்ணப்பத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட்டைப் படிக்க முடியும் என்று! கடைசியாக எப்போது படித்துப் பார்த்தீர்கள்?

பச்சை, சிவப்பு பிரித்தறிய முடியாதவர்கள் வட ஐரோப்பிய ஆண்களில் 12-ல் ஒருவர்! நம் நாட்டில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. கப்பல் வேலைக்கும் ரயில்வேக்கும் வருஷக்கணக்கில் தயாராகிவிட்டு மெடிக்கலில் இது தெரியவந்து உடைந்துபோன பையன்கள் நம்ம ஊரில் உண்டு. பள்ளிக்கூட வயதிலேயே பார்த்திருக்கலாம். புள்ளிப் படப் புத்தகம் ஒன்று போதும், 5 நிமிடம்! அதை இஷிஹாரா தயாரித்தது 1917-ல்!

குலசேகரம் பக்கம் விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போகிறவர்களே, உங்களுக்கு ஒன்று. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் கண்ணில் தெறித்தால் முதல் மருந்து எது? பச்சைத் தண்ணீர்! குறைந்தது 15 நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். ஆஸ்பத்திரி அதற்குப் பிறகுதான்!

கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடையில் நெல் சுணை கண்ணில் பட்டால்? தாய்ப்பால் விடுவார்கள். இலைச் சாறு பிழிவார்கள். வேண்டாம், வேண்டவே வேண்டாம்! கருவிழிப் புண்ணுக்குத் தென் தமிழ்நாடு உலகப் பிரசித்தம். மதுரை மாவட்டத்தில் 1990-களில் எடுத்த கணக்கு: வருஷத்துக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேர். அமெரிக்காவைப் போல் 10 மடங்கு! ஏறத்தாழ பாதிக்குக் காரணம் பூஞ்சை. அந்தப் பூஞ்சை எங்கிருந்து வருகிறது? வயலிலிருந்தும் இலையிலிருந்தும்!

மருந்துக் கடையில் "கண் சிவந்திருக்கு, சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டு வாங்குகிறீர்களா? அதில் ஸ்டீராய்டு இருந்து, மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும். சிவப்பு போகும். கூடவே பார்வையும் போகும்!

கண் அழுத்த நோயான கிளாக்கோமா ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும். நடுப் பார்வை கடைசிவரை பளிச்! இந்தியாவில் நடந்த கணக்கெடுப்புகளில் இந்த நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் 10-ல் 9 பேருக்கு அன்றுவரை அது தெரியாது! போன பார்வை திரும்பாது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைகளும் வரிசையில் நிற்க வேண்டும்.

இந்த நோய்க்கு உலகமே பின்பற்றிய ஓர் அறுவை சிகிச்சை எந்த ஊரில் பிறந்தது? நம்ம மெட்ராஸில்! எழும்பூர் கண் ஆஸ்பத்திரியின் எலியட், 1909-ல்! அந்த ஆஸ்பத்திரிக்கு வயது? 1819-லிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்!

சர்க்கரை நோய் கணக்கு 2023-ல் வந்தது. இந்தியாவில் 10.1 கோடி பேர்! தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் 25.5! நாம் எந்தப் பக்கத்துச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறோம் என்று நான் சொல்ல வேண்டுமா? சர்க்கரை விழித்திரையையும் கெடுக்கும். அதனால் சர்க்கரை என்று தெரிந்த அன்றே கண்ணின் உள்ளே பார்க்க வேண்டும். அப்புறம் வருஷா வருஷம்! "நல்லாத்தானே தெரியுது" என்பது காரணமே அல்ல.

கத்தி வைக்காமல் உடம்பின் ரத்தக் குழாயை நேரே பார்க்க முடிகிற இடம் எது? கண்ணின் உள்பக்கம்! சர்க்கரை, பிரஷர், சில சமயம் மூளைக் கட்டி வரை கண் டாக்டர் முதலில் கண்டுபிடித்துவிடுவார்!

விழித்திரையின் படத்தை மட்டும் பார்த்து அது ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா? டாக்டரால் முடியாது. 2018-ல் கூகுளின் கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது! வயதையும் சொன்னது. சராசரிப் பிழை 3 வருஷம் சொச்சம்!

வெள்ளெழுத்து எல்லாருக்கும் வரும். 40 வயதில் பேப்பர் தானாகத் தூரப் போக ஆரம்பிக்கும். கை நீளம் போதாதபோது கண்ணாடிக் கடை! ஆனால் கடையில் பவர் மட்டும் பார்த்துவிட்டு வருவது கண் பரிசோதனை ஆகாது. அழுத்தமும் விழித்திரையும் யார் பார்ப்பது?

"எனக்கு ஒண்ணும் இல்ல மக்ளே, வயசானா அப்படித்தான்." எந்த வீட்டுப் பாட்டி இதைச் சொல்லவில்லை? 50 தாண்டியவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் காரணம் கண்புரை! 2015 முதல் 2019 வரை நாடு முழுக்க எடுத்த கணக்கு இது. புரை முத்தட்டும் என்று காத்திருந்த காலம் மலையேறிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு நேரம்? பெரும்பாலும் கால் மணி நேரம்! அரசு மருத்துவமனையில் செலவு? லென்ஸோடு சேர்த்து இலவசம்!

அந்த லென்ஸ் எப்படி வந்தது தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் குத்தின. கண் அவற்றை ஒன்றும் செய்யவில்லை! ரிட்லி என்ற டாக்டர் அதைக் கவனித்தார். அதே பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949 நவம்பர் 29-ல் லண்டனில் ஒருவர் கண்ணில் வைத்தார்!

இனி நம்ம ஆள் கதை. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிக்கவே கஷ்டம். அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகினார்! செய்த கண் அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்! 58 வயதில் ஓய்வு. ஓய்வா எடுத்தார்? 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்! 1988-ல் நமக்குப் பக்கத்தில் திருநெல்வேலிக்கும் அது வந்தது. இறக்குமதி லென்ஸ் 100 டாலருக்கு மேல் விற்றது. 1992-ல் அவர்களே லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். விலை பத்தில் ஒரு பங்கானது!

இந்தியாவின் முதல் கண் வங்கி எங்கே? அதுவும் எழும்பூரில்தான், 1945-ல்! கண்ணாடி போட்டவரும், புரை எடுத்தவரும் கண் தானம் செய்யலாம். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும்!

இப்போதே ஒன்று செய்யுங்கள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவர்க் காலண்டரைப் படியுங்கள். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு படியுங்கள். இரண்டும் ஒன்று போலத் தெரிந்ததா? வீட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். யாராவது ஒருவர் மாட்டுவார்!

மாட்டினாலும் மாட்டாவிட்டாலும், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ, உங்கள் கண் டாக்டரோ, ஒரு நாள் ஒதுக்கிப் போய் வாருங்கள். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எழுத்து மங்கும், வெயில் கூசும். பைக்கில் தனியாகப் போகாதீர்கள், வண்டி ஓட்ட ஆளோடு போங்கள். ஆனால் அவருக்கும் அன்றைக்கே சொட்டு மருந்து விட்டுவிடாதீர்கள்!