கனிகளுக்குக் கதிர்வீச்சு: அச்சமும் உண்மையும்

லயத்துக் கொல்லையில் பழுத்த கொய்யாவை ஆசையோடு பிளக்கையில் உள்ளே வெண்புழு நெளியக் காணாதவர் நம்முள் எவருமிலர். புழு வெளியிலிருந்து நுழைந்ததன்று. காய் முதிரும் பருவத்திலேயே பழ ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு விடுகின்றது. நமக்கு இஃது ஒரு பழத்தின் இழப்பு மட்டுமே. கனிகளை ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கோ சந்தையே பறிபோகும் நிலை. தம் பழத்தோட்டங்களில் அவ்வீ பரவிவிடும் என அஞ்சி, வாங்கும் நாடுகள் சரக்கையே திருப்பி விடும்.

முன்னர் இதற்கு எத்திலீன் டைபுரோமைடு என்னும் நச்சுப்புகையை இட்டு வந்தனர். அது புற்றுநோய் விளைவிக்கக் கூடியது எனக் கண்டு, 1983இல் அமெரிக்கா அதனை விலக்கத் தொடங்கியது. மாற்று வழிகளுள் ஒன்றாகவே கதிர்வீச்சு வந்தது. பசுங்கனிகளுக்கும் காய்கறிகளுக்கும் 1 கிலோகிரே அளவு வரை கதிரூட்ட 1986இல் அந்நாடு இசைவளித்தது. பல்லாண்டுகளாக அங்கு நுழைய இயலாதிருந்த இந்திய மாம்பழம், 2007இல் மகாராஷ்டிரத்தின் லாசல்காவ் நிலையத்தில் கதிரூட்டப்பட்ட பின்னரே விமானம் ஏறியது.

செய்முறை யாது? தடித்த காங்கிரீட் சுவர் சூழ்ந்த அறையில் கோபால்ட்-60 கோல்கள் நிறுத்தப்பெறும். வேலையில்லாத வேளையில் அவை ஆழ்ந்த நீர்த்தொட்டியுள் இறக்கப்படும். பழப்பெட்டிகள் கோல்களைச் சுற்றி நகர்ந்து செல்ல, காமாக் கதிர்கள் அவற்றை ஊடுருவும். பழ ஈக்கு 150 கிரே போதுமானது. புழு உடனே மடிவதில்லை. ஆயினும் அதன் உயிரணுக்கள் சிதைவதால், ஈயாகி இனம் பெருக்க அதனால் இயலாது. இதே முறையால் வெங்காயமும் உருளைக்கிழங்கும் முளைவிடாமல் நிற்கும். பப்பாளி சில நாள் தாழ்ந்து பழுக்கும்.

இக்கதிர் நமக்கு முற்றிலும் அயலானதன்று. வைகறையில் நாம் சீவியெடுக்கும் பால், அறுவை மருத்துவரின் கையுறையாகிப் பெட்டியில் அடைபட்ட பின், கிருமி நீக்குவதற்காக இதே காமாக் கதிரைப் பெறுவதுண்டு. பாங்கியில் உள்ள மலேசிய அணுவாய்வு நிறுவனத்தில் இதற்கென ஒரு நிலையமே இயங்கி வருகின்றது.

ஆயினும் கையுறையை யாரும் உண்பதில்லையே என்பர் மறுப்போர். நியாயமான கேள்விதான். கதிர்பட்ட பழமே கதிரியக்கம் உடையதாகிவிடும் என்பது அவர்தம் முதல் அச்சம். பேராக்கின் புக்கிட் மேராவில் தோரியம் கலந்த ஆலைக்கழிவினை எதிர்த்து மக்கள் 1985இல் நீதிமன்றம் சென்ற நாட்டில், அச்சொல்லைக் கேட்டு நெஞ்சம் துணுக்குறுவது இயல்பே. ஆனால் அங்கு மண்ணில் கிடந்தது கதிரை உமிழும் பொருள். இங்கோ அப்பொருள் பழத்தைத் தொடுவதேயில்லை. கதிர் மட்டும் ஊடுருவிச் செல்கின்றது. டார்ச் விளக்கின் ஒளி பட்ட பழம் பின்னர் இருளில் தானே ஒளிவிடுவதில்லை அன்றோ?

இரண்டாம் அச்சம் இன்னும் ஆழமானது. 1975இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார், ஊட்டக்குறைவால் நலிந்த குழந்தைகளுக்கு அப்போதே கதிரூட்டிய கோதுமையை அளித்தபோது, இரத்த அணுக்கள் சிலவற்றில் மாறுபாடு கண்டதாக வெளியிட்டனர். ஏழைக் குழந்தைகளைப் பற்றிய செய்தியாதலின் உலகே அதிர்ந்தது. எனினும் ஒவ்வொரு பிரிவிலும் இருந்தோர் ஐந்தே குழந்தைகள். அரசு அமர்த்திய ஆய்வுக்குழு அம்முடிவை ஏற்கவில்லை. பின்னர்ச் சீனாவில் வளர்ந்தோர் பலர் வாரக்கணக்கில் கதிரூட்டிய உணவை உண்டபோதும் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் உள்ளிட்ட மூன்று அமைப்புகளின் வல்லுநர் குழு, 10 கிலோகிரே வரை கதிரூட்டிய உணவால் நச்சுத் தீங்கில்லை என்று அறிவித்தது. கனிகளுக்கு வேண்டுவது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே.

அளவு மிகுந்தால் என்னாகும்? ஆஸ்திரேலியாவில் மிகுந்த அளவு கதிரூட்டிய இறக்குமதித் தீனியை உண்ட பூனைகள் பல கால் முடங்கின. 2009இல் பூனைத் தீனிக்குக் கதிரூட்டுவதை அந்நாடு தடை செய்தது. எனவே கதிரின் அளவைக் கண்காணிப்போர் கண்ணயர்தல் கூடாது.

எம் கருத்தில், எதிர்ப்போரின் வலுவான வாதம் வேறொன்று. கதிர் பூச்சிமருந்தின் எச்சத்தை நீக்காது. வைட்டமின் சி சிறிது குறையவும் கூடும். பழைய சரக்கு புதியது போல் தோன்றி வாங்குவோரை ஏய்க்கலாம். நம் நாட்டின் 2011ஆம் ஆண்டு உணவுக் கதிர்வீச்சு விதிகள், கதிரூட்டிய உணவு என்று அடையாளமிட வேண்டும் என்கின்றன. பச்சை வட்டத்துள் இலை வடிவம் கொண்ட சின்னத்தை உலகெங்கும் இதற்குப் பயன்படுத்துகின்றனர். பெட்டியின் மேல் அச்சின்னம் இருக்கும். பெட்டியைப் பிரித்து இரவுச் சந்தையில் தட்டுத் தட்டாகக் குவிக்கும்போது, வாங்குபவர் கண்ணுக்கு அது எட்டுமா என்பதில்தான் வாதம் இன்னும் ஓயவில்லை.