ஒருமுறை மட்டும் எரியும் மலைகள்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் வீடுகளுக்கு நடுவே பச்சைப் புல் போர்த்திய குன்றுகள் பல உண்டு. சிலவற்றில் மாடுகூட மேயும். சாதுவாகத் தெரியும் இவை எல்லாமே எரிமலைகள். ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகள்மீது ஒரு துறைமுக நகரம் வளர்ந்திருக்கிறது.

எட்னா போன்ற எரிமலைகள் திரும்பத் திரும்பக் கக்கும். இங்கே வழக்கம் வேறு. பெரும்பாலும் ஒரு மலை ஒருமுறைதான் வெடிக்கும். அதோடு அதன் கதை முடிந்தது. அடுத்த முறை பாறைக்குழம்பு வேறோர் இடத்தைப் பிளந்துகொண்டு வரும். சுமார் 2 லட்சம் ஆண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது. குன்றுகள் அடங்கிவிட்டன, அடியில் இருக்கும் நிலம் அடங்கவில்லை.

குழம்பு ஊறுவது ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஆழத்தில். அது பசால்ட் வகை. இளகலாக இருப்பதால் சட்டென்று ஏறிவிடும். மேலே வந்ததும் என்ன ஆகும் என்பதைத் தண்ணீர்தான் முடிவுசெய்கிறது. காய்ந்த எண்ணெயில் நீர் பட்டால் எப்படித் தெறிக்கும்! குழம்பு ஈரமான மண்ணைத் தொட்டாலும் அதே கதிதான். நிலமே சிதறி அகன்ற பள்ளம் விழும். பூப்புக்கி ஏரி அப்படி வந்தது. ஈரம் இல்லாத இடத்தில், குழம்பிலுள்ள வாயு அதைப் புஸ்வாணம்போல வீசியடிக்கும். விழுந்த துண்டுகள் வாயைச் சுற்றிக் குவிந்து கூம்பாகும். 196 மீட்டர் உயரமுள்ள மவுங்காஃபாவ் அத்தகைய குவியல்தான். அந்தக் கல் ஒன்றைக் கையில் எடுத்தால் எடையே இருக்காது. ஆப்பத்தின் நடுப்பகுதிபோல உடலெங்கும் துளைகள். ஒவ்வொன்றும் வாயு வெளியேறிய வழி. சூட்டில் இரும்புச்சத்து துருவேறியதால் செங்கல் நிறம்.

வாயு தீர்ந்தபின் குழம்பு அமைதியாக வழிந்தோடும். பூப்புக்கியிலிருந்து ஓடிய குழம்பு டாக்கபூனா கடற்கரையில் ஒரு காட்டையே சூழ்ந்தது. மரங்கள் எரிந்துபோயின, அவை நின்ற இடத்தில் இன்றும் பாறையில் வட்டக் குழிகள் இருக்கின்றன. அடிமரத்தின் அளவைக் கையால் தடவி அறியலாம். எனக்கு இந்த நிலத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எல்லாவற்றுக்கும் இளையது, மிகப் பெரியதும்கூட, துறைமுக வாயிலில் நிற்கும் ராங்கிடோடோ தீவு. 260 மீட்டர் உயரம். அது எழுந்து சுமார் 600 ஆண்டுகள்தான் ஆகின்றன. அப்போது மாவோரி மக்கள் பக்கத்துத் தீவான மோட்டுடாப்புவில் வாழ்ந்தார்கள். அங்கே படிந்த சாம்பல் அடுக்குகளுக்கிடையே மனிதர்களின் காலடித் தடங்களும் அவர்களுடைய நாய்களின் தடங்களும் பதிந்திருக்கின்றன.